தாயின் கையெழுத்து



தாயைத் தெய்வமென்கிறோம், அவள் புத்தியை மட்டும் மதிப்பதில்லை. 1981-இல் வட அயர்லாந்துச் சிறையில், அரசியல் கைதிக்குரிய அந்தஸ்துக் கேட்டுப் பட்டினி கிடந்து 10 வாலிபர் மாண்டனர். அதைப் பற்றியதே 1996-இல் வந்த 'சம் மதர்ஸ் சன்' படம். மகன் நினைவிழந்தால் வைத்தியத்துக்குக் கையெழுத்திட வேண்டியவள் தாய். இட்டால் துரோகியாம், இடாவிட்டால் கொலைகாரியாம்!

மணிப்பூரில் ராணுவ விசேஷ அதிகாரச் சட்டத்தை எதிர்த்து ஐரோம் சர்மிளா 2000 முதல் 2016 வரை உண்ணாதிருந்தார். சர்க்கார் காவலில் வைத்து மூக்குவழி ஆகாரம் செலுத்திற்று. தன் கண்ணீர் மகளின் உறுதியைக் குலைக்குமென்று தாய் சகி தேவி பார்க்கப் போவதைத் தவிர்த்தார். இது தலைவிதியா? கடவுள் சோதனையா? இல்லை, அவரே யோசித்துச் செய்த முடிவு.

பிள்ளையைப் பட்டினிக்குத் தள்ளியது சர்க்கார். பழியைத் தாய் தலையில் சுமத்தாதீர்கள். அவளுக்குப் பூசை வேண்டாம்; அவள் முடிவை மதியுங்கள்!