ஒரு பெட்டிக்குள் நூறு வாத்தியம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழா என்றால் ஒழுக்கம், உழைப்பு, நாளைய தலைவர்கள் என்று பேசுவது மரபு. அதற்குத் தகுதியான பெரியோர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். நானோ மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். நம் பெரியவர்கள் வாயில் அது இன்னும் 'ஆர்கன்'தான். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே ஒரு சங்கதியைத்தான் சொல்லப் போகிறேன். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கீபோர்டில் டோன் மாற்றுவது எப்படி என்பதே அது.

"இதுல என்ன இருக்கு, ஒரு பட்டனைத் தட்டுனா போச்சு" என்று பின்வரிசையில் யாரோ சொல்வது காதில் விழுகிறது. சற்றுப் பொறுங்கள். ஒரு பழைய திரைப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் புல்லாங்குழல், பல்லவி முடிந்ததும் வயலின் கூட்டம், சரணத்துக்கு முன்னால் நாலே சுரம் வீணை. சினிமாவில் அதற்கு இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நம் கல்யாண மண்டபத்தில் இருப்பதோ ஒரே ஒருவர். அவருடைய இரண்டு கையும் கட்டைமேல் இருக்கிறது. நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டு என்பது அரை வினாடி. அந்த அரை வினாடிக்குள் புல்லாங்குழல் வயலினாக மாறியாக வேண்டும். பாடுகிறவர் காத்திருக்க மாட்டார், தபேலாவும் காத்திருக்காது.

இந்தச் சிரமம் இன்று வந்ததல்ல. ஜார்ஜ்டவுன் பார்க்குவார் சாலையில் உள்ள அசம்ப்ஷன் தேவாலயத்தில் 1916-இல் இங்கிலாந்தில் செய்த ஒரு குழாய் ஆர்கன் இருக்கிறது. அதை வாசிப்பவர் பக்கத்தில் உள்ள குமிழ்களை இழுப்பார், தள்ளுவார். அதற்கேற்ப வேறு வரிசைக் குழாய்கள் பேசும். நம் பஜனைக் கூடத்து ஆர்மோனியத்திலும் முன்பக்கம் குமிழ்கள் உண்டே, அதே குடும்பம்தான். குமிழை எந்த இடத்தில் இழுப்பது என்பதை வாசிப்பவர் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருப்பார்.

மின்சார வாத்தியம் வந்தபோது வேலை சுலபமாகவில்லை, கூடிற்று. 1970-இல் வந்த மினிமூக் என்னும் சிந்தசைசருக்கு நினைவாற்றலே கிடையாது. ஒரு ஓசையை உண்டாக்கப் பல திருகுகளைத் திருப்ப வேண்டும். அடுத்த ஓசைக்கு எல்லாவற்றையும் மறுபடி திருப்ப வேண்டும். 1978-இல் அமெரிக்காவில் புரோபெட்-5 வந்தது. அதற்குள் ஒரு சிறு கணினி மூளையும் நினைவுச் சில்லும் இருந்தன. திருப்பி வைத்ததையெல்லாம் அது ஞாபகம் வைத்துக்கொண்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய ஓசை அப்படியே திரும்பி வரும். பாயான் லெப்பாசில் 1972-இல் சுதந்திர வாணிப வட்டாரம் திறந்த பிறகு அங்கே சில்லுத் தொழிற்சாலைகளில் நுண்ணோக்கியில் கண் வைத்து வேலை செய்த தாய்மார்கள் இந்த மண்டபத்திலும் இருக்கக்கூடும். அந்த மாதிரிச் சில்லு இல்லையென்றால் கீபோர்டுக்கு ஞாபகசக்தி ஏது?

பிறகு 1983-இல் 'மிடி' என்ற பொதுமொழி வந்தது. எந்தக் கம்பெனிக் கீபோர்டும் மற்றொரு கம்பெனியின் கருவியோடு பேசலாம் என்றாயிற்று. அந்த மொழியில் டோன் மாற்றுவதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. 0 முதல் 127 வரை ஓர் எண்ணை அனுப்பினால் போதும், அந்த எண்ணுக்குரிய டோன் வந்து நிற்கும். அந்தக் கட்டளை கம்பியில் ஓட ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

நம் தமிழ்ப் படங்களுக்கும் இது சீக்கிரமே வந்துவிட்டது. 1986-இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினி வைத்து இசை அமைத்தார். அவர் குழுவில் இளம் வயதிலேயே கீபோர்டு வாசித்தவர் ஏ. ஆர். ரகுமான். பெற்றோர்கள் ஒன்றை அறிய வேண்டும். அவருடைய தந்தை ஆர். கே. சேகர் 1976-இல் காலமானபோது பையனுக்கு வயது ஒன்பது. தந்தை விட்டுச் சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் பிழைத்தது. கீபோர்டு என்பது விளையாட்டுச் சாமான் இல்லை, ஒரு வீட்டு அடுப்பை எரிய வைத்த பொருள். அந்த எண்ணத்தோடு மேலே கேளுங்கள்.

இப்போது நம் பையன்கள் மடிக்கணினியையே மேடைக்குக் கொண்டு வருகிறார்கள். 2001-இல் வந்த ஏபிள்டன் லைவ், 2007-இல் வந்த மெயின்ஸ்டேஜ் போன்ற மென்பொருள்கள் அதற்குள் இருக்கும். கீபோர்டு வெறும் கட்டைதான். ஓசை வருவது கணினியிலிருந்து. ஆயிரக்கணக்கான டோன்கள்! கட்டளைதான் நொடியில் ஓடிவிடுகிறதே, பிறகு ஏன் மேடையில் திடீரென்று அமைதி விழுகிறது? உண்மையான வீணையில் சுரம் சுரமாகப் பதிவு செய்த ஓசைகளைக் கணினி தன் சேமிப்பிலிருந்து எடுத்து நினைவகத்தில் ஏற்ற வேண்டும். பெரிய டோனாக இருந்தால் அதற்குப் பல வினாடிகள் ஆகும். கட்டளை பறந்து போய்விட்டது, மூட்டை தூக்குகிறவன் இன்னும் படியேறிக்கொண்டிருக்கிறான்!

ஆகவே மேடையில் டோனைத் 'திறக்க'க் கூடாது. அன்றைக்கு வேண்டியதை எல்லாம் முன்னதாகவே திறந்து, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைத்துவிட வேண்டும். ஏபிள்டனில் இதற்கு ஒரு தட்டு உண்டு. பத்து வாத்தியத்தை ஒரே தட்டில் வைத்து, எந்த வாத்தியத்துக்கு விரலின் செய்தி போக வேண்டும் என்பதை மட்டும் மாற்றலாம். பழைய வாத்தியம் அணைந்து போகாது. கடைசியாகத் தொட்ட சுரம் தன் பாட்டுக்கு ஒலித்து ஓயும், அதற்குள் புதியது தொடங்கிவிடும். பழைய கீபோர்டுகள் பலவற்றில் டோன் மாறியதும் ஒலித்துக்கொண்டிருந்த சுரம் கத்தரித்தாற்போல் நின்று போகும். அந்த 'டக்' என்ற வெட்டை நீங்கள் விருந்துகளில் கேட்டிருப்பீர்கள்.

இன்னொன்று, டோன்களைப் பெயர் வரிசையில் வைக்காதீர்கள், பாட்டின் வரிசையில் வையுங்கள். புல்லாங்குழல் மூன்று இடத்தில் வருகிறதா? மூன்று முறை வையுங்கள். அப்போது காலால் ஒரு மிதி, அடுத்தது. இன்னொரு மிதி, அதற்கடுத்தது. தேடுகிற வேலையே இல்லை. முடிந்தால் மாற்றவே மாற்றாதீர்கள்: கட்டையின் இடது பாதியில் வயலின், வலது பாதியில் குழல் என்று பிரித்துவிட்டால் கையை நகர்த்தினால் போதும். என்னைக் கேட்டால் இதுதான் முதல்தரம்.

நம் இசைக்கென்றே இரண்டு ஆபத்து உண்டு, இதை வெள்ளைக்காரர் எழுதிய கையேட்டில் தேடினாலும் நம் பாஷையில் சொல்லியிருக்காது. முதலாவது சுருதி. பாடகிக்கு ஐந்தரைக் கட்டை வேண்டுமென்று கீபோர்டைத் தூக்கி வைத்திருப்போம். சில கருவிகளில் அந்த ஏற்றம் டோனோடு சேர்ந்து பதிவாகும். ஒரு டோனுக்குத் தூக்கிவிட்டு மற்றதை விட்டுவிட்டால், வீணை வரும்போது அது ஒரு கட்டையில் வந்து நிற்கும். ஒரு கோயில் திருவிழாவில் நானே கேட்டேன். பாவம் அந்தப் பெண் பாடுவதை நிறுத்திவிட்டு ஆர்கன்காரரைத் திரும்பிப் பார்த்தாள், ஜனங்களோ அவள்தான் தப்பாகப் பாடிவிட்டாள் என்று நினைத்தார்கள். இரண்டாவது கமகம். கீபோர்டில் சுரத்தை வளைக்க ஒரு சக்கரம் இருக்கிறது. ஒரு டோனில் அதை முழுதும் தள்ளினால் இரண்டு அரைச்சுரம் ஏறும். இன்னொன்றில் பன்னிரண்டு ஏறும். பழகிய கை அதே அளவு தள்ளும், காதில் விழுவது வேறாக இருக்கும். எல்லா டோனுக்கும் சுருதியையும் இந்த வளைவையும் ஒரே அளவாக வைத்துவிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். ஒலியளவையும் அப்படியே சமன் செய்ய வேண்டும். அதைக் காதில் மாட்டும் ஹெட்போனில் பார்க்காதீர்கள், ஒலிபெருக்கியில் பாருங்கள்.

பெற்றோர்களே, பையன் "ஐயாயிரம் டோன் இருக்குப்பா, வாங்கிக் குடு" என்று கேட்பான். தோட்டத்துச் சம்பளத்தில் அது எத்தனை மாதத்து வயிறு என்று நமக்குத் தெரியும். ஒரு கச்சேரியில் நான் பயன்படுத்துவது இருபதுக்கும் குறைவு. பழைய கீபோர்டில் அந்த இருபதையும் அவன் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக மாற்றிக் காட்டட்டும், பிறகு வாங்குங்கள். கணினியே வாங்கினாலும் பழைய கீபோர்டை விற்றுவிடாதீர்கள். கணினி மேடையில் நின்று போனால், பக்கத்தில் ஒலிபெருக்கியோடு இணைத்துத் தயாராக இருக்க வேண்டியது அதுதான்.

கீபோர்டில் நாதஸ்வர டோனும் இருக்கிறது. நான் அதைத் தொடுவதில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் நாதஸ்வரத்தை நேரில் கேட்ட காதுக்கு அந்த டோன் பிளாஸ்டிக் மாலை மாதிரி. தவிர, ஊரில் நாதஸ்வரக்காரர் இருக்கும்போது அவர் பிழைப்பில் நான் ஏன் விரல் வைக்க வேண்டும்? அவரைக் கூப்பிட்டால் எனக்கு ஒரு டோன் மாற்றுகிற வேலையும் மிச்சம்.

பரிசு வாங்கும் பிள்ளைகள் நெளிகிறார்கள். இன்று இறுதியில் இந்தப் பள்ளி மாணவர்கள் மூன்று பாட்டு வாசிக்கப் போகிறார்கள். இரண்டாவது பாட்டில், சரணத்துக்குச் சற்று முன்னால், கீபோர்டு வாசிக்கும் பிள்ளையின் இடது காலைக் கவனியுங்கள்.