மரத்துக்கும் இடம் கொடுங்க

நான் வேலப்பன்சாவடி பொண்ணு, டிசைன் படிக்கிறேன். எங்க பாட்டிக்கு மூட்டுவலி, தரையில உட்கார்ந்து எழ முடியாது. அவங்களுக்காக ஒரு ஸ்டூல் செஞ்சேன். மரப்பலகைக்கு அடியில குறுக்கே இரும்புப் பட்டை வச்சு, ஸ்க்ரூவை நல்லா இறுக்கினேன். ஐப்பசி மழையில செஞ்சது, சித்திரை வெயில்ல நடுவுல பிளந்துடுச்சு. நல்லவேளை, அப்போ பாட்டி அதுல உட்காரலை.

பட்டறை ஆசாரி அண்ணன்தான் காரணம் சொன்னார். ஈரம் பட்டால் மரம் அகலவாக்கில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. இரும்புக்கு ஈரத்தால அந்த அசைவு கிடையாது. ரெண்டையும் அசையவிடாம பூட்டினா மரம்தான் பிளக்கும். மேம்பாலத்துல வண்டி 'டக்'குன்னு குதிக்குதே, அங்கேயும் வெயிலுக்கு விரியத்தான் இடைவெளி விட்டிருக்காங்க.

அடுத்த ஸ்டூல்ல நடு ஸ்க்ரூவை மட்டும் இறுக்கினேன். பட்டையின் ஓரத் துளைகளை நீளமாக்கி, வாஷர் போட்டு அளவா முறுக்கினேன். ஒரு வருஷம் ஆச்சு, கீறல்கூட இல்லை. பாட்டி அதுல உட்கார்ந்துதான் கீரை ஆயுறாங்க.

நீங்களும் மேசை செய்யக் கொடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்க: "மரம் சுருங்க இடம் விட்டிருக்கீங்களா?"