எக்செல் தாளும் நம்ம குழுக் கணக்கும்
(ஏற்காட்டில் நடந்த கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது)

கம்ப்யூட்டர் கணக்கு பத்திப் பேசச் சொன்னாங்க.

1989-ல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தர்மபுரியில் குழுக்களைத் தொடங்கியது. அடுத்த சில வருஷத்தில் நம்ம சேலம் மாவட்டத்துக்கும் வந்துடுச்சு. அன்றிலிருந்து தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், பேரேடு, பாஸ்புக் என்று எழுதித்தான் வளர்ந்தோம். பேரேட்டில் ஒரு எண்ணைத் திருத்தினால் அதுக்குக் கீழே இருக்கிற அத்தனை கூட்டலையும் அடிச்சு எழுதணும். அந்தத் தொல்லை உங்க எல்லாருக்கும் தெரியும்.

அமெரிக்காவில் ஹார்வர்டில் வணிகம் படிச்ச டான் பிரிக்லினும் இதைத்தான் பார்த்தார். கரும்பலகையில் ஒரு எண் மாறினால் வரிசை முழுக்க அழிச்சு எழுதினாங்க. மற்ற எண்களும் தானா மாறிக்கிற பலகை இருந்தால் என்ன என்று யோசிச்சார். நண்பர் பாப் பிராங்க்ஸ்டனோடு சேர்ந்து 1979-ல் 'விசிகால்க்' மென்பொருளைக் கொண்டுவந்தார். அதுக்காகவே ஆப்பிள் கம்ப்யூட்டர் வாங்கினவங்க உண்டு. 1983-ல் லோட்டஸ் 1-2-3, 1985-ல் எக்செல். இப்ப லிப்ரே ஆபீஸ் காசில்லாமலே கிடைக்குது. நம்ம தமிழ்நாட்டு சோஹோவும் ஒரு ஷீட் வச்சிருக்கு. பேர் எதுவானாலும் உள்ளே அதே கட்டம் போட்ட தாள்தான்.

கட்டத்துக்குள்ள பேர் எழுதலாம், எண் எழுதலாம். சமக் குறி போட்டு ஆரம்பிச்சால் சூத்திரம்: 'இந்தக் கட்டத்தை அந்தக் கட்டத்தால பெருக்கு' என்று ஒரு தடவை சொன்னால் போதும்.

ஒரு கணக்கு போடுவோம். 12,000 ரூபாய் கடன், 10 மாதம், மாதம் 1,200 அசல். நூத்துக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. குழுவில் மீதி இருக்கிற அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் 120, 108, 96 என்று இறங்கி, கடைசி மாதம் வெறும் 12 ரூபாய். மொத்த வட்டி 660. வாசலுக்கு வந்து கடன் கொடுக்கிறவங்களும் "ஒரு ரூபாய் வட்டிதான்மா" என்பாங்க. அதில் சிலர் கடைசித் தவணை வரைக்கும் முழு 12,000-க்கும் வட்டி போடுவாங்க. பிளாட் வட்டி என்பது அதுதான். மொத்தம் 1,200. காதால கேட்டால் ரெண்டும் ஒரு ரூபாய் வட்டி. தாளில் பக்கத்துப் பக்கத்தில் போட்டால் 540 ரூபாய் வித்தியாசம் பளிச்சுனு தெரியும். மேலே வட்டிக் கட்டத்தில் 1-ஐ 2 ஆக்குங்க: 1,320, 2,400 என்று ரெண்டும் உடனே மாறிடும். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியே இதைப் பார்த்துடலாம்.

"கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்ற பேச்சு மட்டும் எனக்குப் பிடிக்காது. கார்மென் ரெயின்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்று பெரிய பொருளாதாரப் பேராசிரியர்கள். 2010-ல் அரசாங்கக் கடன் பத்தி அவங்க எழுதினதை உலகமே எடுத்துப் பேசியது. 2013-ல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அவங்க எக்செல் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி போட்ட சூத்திரத்தில் ஐந்து நாடுகளோட வரிசை விட்டுப்போயிருந்தது! தாளையே கொடுத்ததால்தான் அது வெளிய தெரிஞ்சது.

நம்ம குழுவிலும் இது நடக்கலாம். பன்னிரண்டாவது உறுப்பினரைக் கடைசியில் சேர்த்திருப்போம். கூட்டல் பதினோராவது வரிசையோட நின்னிருக்கும். தப்பான கூட்டலையும் மானிட்டர் அழகாத்தான் காட்டும். அதனால் ஒருத்தர் ஏத்தணும், இன்னொருத்தர் பேரேட்டை வச்சுக்கிட்டு சரிபார்க்கணும். மொத்தத்தை மட்டும் வாசிச்சால் ஒத்துக்காதீங்க. "அந்தக் கட்டத்தைத் தட்டிக் காட்டு கண்ணு" என்று கேளுங்க. எந்த வரிசையில இருந்து எந்த வரிசை வரைக்கும் கூட்டியிருக்கு என்று மேலேயே தெரியும். படிக்காதவங்களும் வரிசையை விரல் விட்டு எண்ணலாம். கடவுச்சொல் ரெண்டு பேருக்காவது தெரிஞ்சிருக்கணும். கணக்காளர் கல்யாணமாகி மலையிறங்கிப் போனால் கணக்கும் கூடவே போயிடக் கூடாது பாருங்க.

கம்ப்யூட்டரிலேயே ஏத்தி வச்ச எக்செலுக்கும் லிப்ரே ஆபீஸுக்கும் சிக்னல் வேணாம். டவர் எடுக்காத ஊரிலும் எழுதலாம். கரண்ட் போனால்தான் சிக்கல். அதனால் மாதக் கடைசியில் பிரிண்ட் எடுத்துப் பேரேட்டில் ஒட்டுங்க, பென் டிரைவில் ஒரு நகல் வைங்க. தீர்மானப் புத்தகத்தைக் கையால எழுதுறது அப்படியே இருக்கட்டும்.

சாப்பாடு முடிஞ்சதும் இந்த லேப்டாப் இதே மேசையில இருக்கும். பேரேடு கொண்டுவந்தவங்க முதல்ல வாங்க, உங்க குழுவோட ஒரு பக்கத்தை ஏத்திப் பார்த்துடுவோம்.