எளியோரும் வழக்குமன்றமும்

(நம் சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிறு தொகைக்காக மன்றம் ஏறும் எளியோர் படும் இடர்களைப் பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் எனக்குப் பணித்தனர். யான் வழக்கறிஞன் அல்லேன், தமிழாசிரியன். ஆயினும் ஒரு வழக்கைக் கெடுத்தவன் என்னும் தகுதி எனக்குண்டு.

1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாற்றாக 2019-இல் இயற்றப்பெற்ற சட்டம், 2020 ஜூலைத் திங்கள் முதல் நடந்துவருகிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதாயின், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவிற்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. விற்றவர் எவ்வூரினராயினும், வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்திலேயே முறையிடலாம். வாயில் இவ்வளவு திறந்திருந்தும், நம்மவர் பலர் உள்ளே சென்று வெறுங்கையோடு மீள்வது என்னை?

என் தமக்கை மகன் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் ஆலைத்தொழிலாளி. தவணையில் அவன் வாங்கிய குளிர்சாதனப் பெட்டி மூன்றாந் திங்களிற் பழுதாயிற்று. கடைக்காரர் "இன்று வா, நாளை வா" என்றனர். அவனும் நடந்தான்; எழுத்தில் ஒன்றும் கொடுத்திலன், கேட்டிலன். ஓராண்டு கழிந்தபின் என்னிடம் வந்தான். யான் நான்கு பக்கத்தில், கடைக்காரரின் கொடுமையைச் செந்தமிழில் விரித்து மனு எழுதினேன். மன்றத்தார் வினவியவை மூன்றே: வாங்கிய நாள் எது? பழுதைத் தெரிவித்த நாள் எது? சான்று எங்கே? என் நான்கு பக்கத்தில் ஒரு தேதியும் இல்லை. வெப்பத்தால் அச்சிட்ட ரசீதோ எழுத்தெல்லாம் மங்கி வெள்ளைத் தாளாயிருந்தது.

மற்றுமொன்று. கும்மிடிப்பூண்டியும் திருவள்ளூரும் ஒரே மாவட்டமெனினும் இருப்புப்பாதை வேறு வேறு. மின்ரயிலில் வருவோன் பேசின்பாலம் வரை சென்று வண்டி மாறல் வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாட் கூலி போயிற்று. மூன்றாம் வாய்தாவுக்கு, இரவு வேலை முடித்த களைப்பால் அவன் சென்றிலன். மனு தள்ளுபடியாயிற்று. சட்டம் அவனைத் தோற்பிக்கவில்லை. தாளும் தொலைவும் தனிமையுமே தோற்பித்தன.

1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, மகளிர்க்கும் ஆலைத்தொழிலாளர்க்கும் வருமானம் நோக்காது வழக்கறிஞர் உதவி இலவசமாகக் கிடைக்கும். காணொளி வழியே விசாரிக்குமாறு நுகர்வோர் ஆணையத்தை வேண்டவும் இடமுண்டு. இவற்றை மாமனும் மருமகனும் அன்று அறிந்திலோம்.

ஆதலின் அன்பர்காள்! ரசீதை வாங்கிய அன்றே நகலெடுத்து வையுங்கள். குறையை விரைவு அஞ்சலில் எழுதித் தெரிவித்து, அனுப்பியதற்குரிய சீட்டைக் காப்பாற்றுங்கள். மனு ஒரு பக்கம் போதும்: நாள், தொகை, சான்று, வேண்டுவது. இரண்டாண்டுக்குள் முறையிடுக.

இறுதியாகச் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். திங்கள்தோறும் ஒரு ஞாயிறன்று, ஓய்வுபெற்ற எழுத்தர்களும் ஆசிரியர்களும் சங்கக் கட்டிடத்தில் அமர்ந்து, எளியோர்க்கு மனு எழுதிக் கொடுப்போம். வாய்தா நாளில் ஒருவர் உடன் செல்வோம். முதல் ஞாயிறன்று யான் வருவேன். செந்தமிழை வீட்டில் வைத்துவிட்டு, தேதிகளை மட்டும் எழுதுவேன்.