முக்காலியும் அதன் தலையும்

அடுப்புக்குக் கல் மூன்று. நிலம் மேடும் பள்ளமுமாய் இருப்பினும் மூன்று கல்லின்மேல் ஏற்றிய பானை ஆடுவதில்லை. நான்காவது கல்லொன்றைச் சேர்த்தால் ஆடத் தொடங்கிவிடும். ஒளிப்படக் கமராவைத் தாங்கும் சட்டத்துக்கு மூன்று கால்கள் அமைந்ததும் இக்காரணம் பற்றியேயாம். கடைகளிலே ‘ட்ரைபொட்’ என்று வழங்கும் இம்முக்காலி பார்வைக்கு மிக எளிய பொருள். ஆயினும் இதனை வாங்கும்பொழுதே பலர் ஏமாறுகின்றனர். கமராவுக்கும் வில்லைக்கும் இலட்சக் கணக்கில் ரூபாவைக் கொடுக்கத் தயங்காதவர், அவ்விரண்டையும் தாங்கவேண்டிய முக்காலிக்கு வந்ததும், உள்ளவற்றுள் மலிவானது எதுவெனக் கேட்கிறார். ஓராண்டு கழித்து வேறொன்று வாங்குகிறார். பின்னர் மூன்றாவதாக, முதலிலேயே வாங்கியிருக்க வேண்டியதை வாங்குகிறார்.

முக்காலி எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை முதலில் தெளிந்துகொள்ளுதல் நன்று. படம் கலங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு: ஒன்று கமராவின் அசைவு, மற்றது படமெடுக்கப்படும் பொருளின் அசைவு. முக்காலி முன்னதைத் தடுக்குமேயன்றிப் பின்னதைத் தடுக்கமாட்டாது. ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் ஒளிப்படக் கலைஞருள் ஒருவர். 1875ஆம் ஆண்டில் கணவருடன் இலங்கைக்கு வந்து குடியேறி, 1879இல் இந்நாட்டிலேயே காலமானவர். அவர் பயன்படுத்திய கண்ணாடித் தட்டுகள் ஒளியை மெல்லவே ஏற்றன. ஆதலின் அவர்முன் அமர்ந்தவர்கள் நிமிடக் கணக்கில் அசையாதிருக்க வேண்டியதாயிற்று. கமரா தன் தாங்கியின்மேல் அசையாது நின்றது. மனிதர் அவ்வாறு இருத்தல் அரிதன்றோ? அவருடைய படங்கள் சிலவற்றில் முகங்கள் சற்று மங்கித் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். அம்மங்கலே அழகென்று போற்றுவாரும் உளர். அது வேறு பேச்சு. மங்கிய வெளிச்சத்தில் நாட்டியத்தைப் படமெடுக்கவென முக்காலி வாங்குவோர் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும். மேடைத் தூண்கள் செதுக்கியதுபோல் விழும். ஆடும் பெண் புகையாய்த் தோன்றுவாள்.

கையிற் பிடித்து எடுப்பதற்கு ஓர் எல்லையுண்டு. 50 மில்லிமீற்றர் வில்லைக்குச் செக்கனில் ஐம்பதில் ஒரு பங்கு, 200 மில்லிமீற்றர் வில்லைக்குச் செக்கனில் இருநூறில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. அசைவு தணிக்கும் அமைப்பு இக்காலக் கமராக்களிலும் வில்லைகளிலும் வந்தபின் அவ்வெல்லை வெகுவாக விரிந்துவிட்டது. ஆயினும், அந்தி மயங்கியபின் கோபுரத்தை நான்கு செக்கன் திறந்துவைத்து எடுக்க நினைப்பவர்க்குக் கை போதாது.

இனிக் கால்களைப் பார்ப்போம். அலுமினியம் விலை குறைந்தது, உறுதியானது, பாரமானது. காபன் நாரினாற் செய்த கால்கள் இலேசானவை, அதிர்ச்சியை விரைவில் அடக்குவன, விலையோ பன்மடங்கு. மரக்கால்களும் அதிர்ச்சியை நன்கு அடக்குவன. நில அளவையாளர் மரக்கால்களை நெடுங்காலம் விடாது வைத்திருந்தமைக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் தோளிற் சுமந்து நெடுந்தூரம் செல்ல அவை ஏற்றவையல்ல. ஒவ்வொரு காலும் எத்தனை துண்டுகளாக மடிகிறது என்பதையும் நோக்கவேண்டும். ஐந்து துண்டுகளாக மடிவது சிறு பைக்குள் அடங்கும். ஆனால் அதன் அடித்துண்டு விரலளவே பருமனுடையதாயிருக்கும். மூன்று துண்டுகளாக மடிவது நீளமாயினும் நிலையானது. துண்டுகளை நீட்டும்பொழுது பருத்தவற்றை முதலிலும் மெல்லியவற்றை இறுதியிலும் நீட்டுதல் முறை.

நடுத்தண்டு என்பது பலரை மயக்கும் உறுப்பு. அதனை மேலே உயர்த்தியவுடன் முக்காலியின்மேல் ஓர் ஒற்றைக்கால் முளைத்துவிடுகிறது. மூன்று காலின் உறுதி அங்கே போய்விடுகிறது. ஆகவே, நடுத்தண்டை உயர்த்தாமலே கமரா கண்மட்டத்துக்கு வருமா என்று கடையிலேயே நின்று பார்த்துவிடவேண்டும். இத்தனை கிலோகிராம் தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்புதல் கூடாது. செய்வோர் யாவரும் அதனை ஒரே முறையில் அளப்பதில்லை. கால்களை முழுவதும் நீட்டி, உச்சியிலே உள்ளங்கையை வைத்து அழுத்தி, இடமும் வலமும் முறுக்கிப் பார்த்தால் உண்மை வெளியாகும். அழுத்தத்துக்கு அசையாத முக்காலிகள் பல, முறுக்கத்துக்கு அசைந்துவிடும்.

கால்களைத் தேர்ந்து வாங்கியவர் தலையைப் பற்றிச் சிந்தியாது விடுவதே பெரும் வியப்பு. கமராவை நேராகத் தாங்குவது தலையேயாம். பந்துத் தலையில் ஓர் உருண்டை கிண்ணத்துள் சுழலும். ஒரே திருகைத் தளர்த்தினால் எத்திசையிலும் திருப்பலாம். விரைவு அதன் சிறப்பு. தளர்த்தும்பொழுது கை தவறினால் பாரமான வில்லை ‘தொப்’பென்று முன்னே சாய்ந்து, விரலையும் நசுக்கும், சிலவேளை முக்காலியையும் கவிழ்த்துவிடும். மூவழித் தலையிலோ மேல்கீழ், பக்கச்சாய்வு, சுழற்சி ஆகிய மூன்றுக்கும் தனித்தனித் திருகுகள் உண்டு. ஒன்றைத் திருத்தும்பொழுது மற்ற இரண்டும் அசையா. பாரமும் பருமனும் மிகுதி, வேகம் குறைவு. ஆனால் கட்டிடங்களுக்கும் அசையாப் பொருள்களுக்கும் இதனைவிடச் சிறந்தது அரிது. மன்னார்க் கடலோரத்தில் வங்காலைப் பக்கம் பூநாரைகளைத் தொடர்ந்து எடுக்க விரும்புபவர்க்கு இவ்விரண்டும் உதவா. நெடுவில்லையை அதன் பார நடுவிலே தாங்கி ஊஞ்சல்போல் ஆடவிடும் மூன்றாம் வகைத் தலை வேண்டும். அங்கே சென்று வந்தவர் முக்காலியின் பாதங்களையும் பூட்டுகளையும் நன்னீரில் அலசி உலர்த்தாது விட்டால், உப்பு அவற்றை அரித்துவிடும்.

தலையை வாங்குமுன் செய்யவேண்டிய சோதனை ஒன்றுண்டு. தம்மிடமுள்ள வில்லைகளுள் மிகப் பாரமானதைக் கமராவிற் பூட்டிக் கடைக்கு எடுத்துச் செல்க. தலையில் ஏற்றி, எதிரேயுள்ள கதவின் விளிம்பைக் காட்சிச் சட்டத்தின் நடுவில் நிறுத்தி, திருகை இறுக்கிக் கையை விடுக. விளிம்பு சற்றேனும் இடம்பெயர்ந்தால் அத்தலை அவ்வில்லைக்கு ஏற்றதன்று. கமராவின் அடியிற் பொருத்தும் தட்டையும் கவனிக்கவேண்டும். ஒரு நிறுவனத்தின் தட்டு மற்றொன்றின் தலையில் பொருந்தாமற் போவதுண்டு.

நம் நாட்டிலே ஒளிப்படக் கருவியைக் கொண்டு செய்யவேண்டிய அவசரப் பணியொன்று உளது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது, படி வேறில்லாத ஓலைச்சுவடிகளும் அழிந்தன. அவற்றின் படங்களேனும் எஞ்சியிருந்தால் என்று அறிஞர் இன்றும் ஏங்குவர். 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் இலங்கைத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமப் படிகளாக்கிப் பேணி வருகின்றது. எனினும் பழைய வைத்தியர், சோதிடர், புலவர் ஆகியோரின் வீடுகளில் இன்னும் திறந்து பாராத ஏட்டுக்கட்டுகள் உள. சிதலும் ஈரமும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பாட்டன் எழுதிவைத்த வாகடத்தைப் பேரன் படமெடுத்து வைக்க முனைவானாயின், அவனுக்கு வேண்டியது எத்தகைய முக்காலி?

ஏடு சற்று வளைந்தே கிடக்கும். அதன் இரு முனையும் நடுவும் ஒருங்கே தெளியவேண்டுமாயின் வில்லையின் துளையைச் சுருக்கவேண்டும். வெப்பமும் மிகுந்த ஒளியும் நைந்த ஓலைக்கு ஆகாவாதலின் வலிய விளக்கை அருகில் வைத்தலும் தகாது. துளையும் சிறிது, ஒளியும் மெலிது. ஆகவே திறப்புக் காலம் செக்கனிற் பாதியோ ஒன்றோ ஆகிவிடும். இங்கே கை பயன்படாது. கமரா நேர்கீழே நோக்கவேண்டும். சாதாரண முக்காலியிலோ அதன் கால்களே படத்துள் விழும். நடுத்தண்டை எடுத்துக் கிடையாக நீட்டத்தக்க முக்காலி இதற்கென்றே கிடைக்கின்றது. அதனைப் பயன்படுத்துவோர், நீண்ட தண்டுக்கு எதிர்ப்புறத்தில் மணற்பை ஒன்றைத் தொங்கவிடல் வேண்டும். இன்றேல் கமரா ஏட்டின்மேலேயே கவிழும். பந்துத் தலை இவ்வேலைக்குச் சிறந்ததன்று. ஒரு பக்கத்தைத் திருத்த மறுபக்கம் நழுவும். காலை முழுவதும் அதிலேயே கழியும். மூவழித் தலையே தகும்.

கமராவும் ஏடும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாய் உள்ளனவா என்பதை அறிய ஒரு சிறு முகக்கண்ணாடி போதும். ஏடு கிடக்கவேண்டிய இடத்தில் அதனை மட்டமாக வைத்துக் கமராவின் வழியே நோக்குக. வில்லையின் பிம்பம் சட்டத்தின் நட்டநடுவில் தோன்றினால் யாவும் நேர். ஒருபுறம் ஒதுங்கித் தோன்றினால் அப்புறத்துத் திருகைத் திருத்துக. பின்பு கண்ணாடியை எடுத்துவிட்டு ஏட்டை வைத்து, விரலால் அழுத்திய அதிர்வு அடங்குமாறு கமராவின் இரண்டு செக்கன் தாமதத்தை அமைத்து எடுக்கவேண்டும். மரத்தளமிட்ட வீடாயின், படம் விழும்வரையில் அவ்வறையில் ஒருவரும் நடத்தலாகாது. சிறுவரை வெளியே அனுப்பிவிடுதல் நலம். நூறு ஏடு எடுப்பதற்குள் பாரத்தினால் தலை ஒரு நூலளவு தாழ்ந்திருக்கவும் கூடும். ஆதலால் இருபது ஏட்டுக்கு ஒருமுறை கண்ணாடியை மீண்டும் வைத்துப் பார்த்தபின் மேலே செல்வது வழக்கமாயிருக்கட்டும்.