ராஜராஜனுக்கு யார் முகம்?



சுங்கை பூலோவுக்குப் பூச்செடி வாங்கப் போகிறீர்கள். நர்சரிக்காரரிடம் நீட்டும் பத்து வெள்ளித் தாளில் இருப்பவர் நாட்டின் முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மான். 1967 முதல் மலேசியப் பணத்தாள்களில் இருக்கும் முகம் அது. புகைப்படக் காலத்து மன்னர் என்பதால் அவருடைய சாயலில் யாருக்கும் ஐயம் இல்லை.

சரி, ராஜராஜ சோழன் எப்படி இருந்தார்?

கேட்டதுமே உங்களுக்கு ஒரு முகம் தோன்றியிருக்கும். மூத்தவர்களுக்கு அது 1973இல் வந்த படத்தின் சிவாஜி கணேசன். இளையவர்களுக்கு நடிகர் ஜெயம் ரவி. 1950களில் கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடரைப் படித்தவர்களுக்கு, ஓவியர் மணியம் வரைந்த அருள்மொழிவர்மன், அதாவது இளவயது ராஜராஜன். மூன்றுமே நம் காலத்து முகங்கள்.

அவர் காலத்து ஓவியமே இல்லையா? தஞ்சைப் பெரிய கோவிலில், கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் சோழர் ஓவியங்கள் இருக்கின்றன. நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்து கிடந்த அவற்றை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே சேர்ந்து நிற்கும் இருவரைச் சைவ அடியார் கருவூர்த் தேவர் என்றும் ராஜராஜன் என்றும் பலர் சொல்கிறார்கள். மறுக்கும் அறிஞர்களும் உண்டு. படத்தின் அருகே பெயர் எழுதப்படவில்லை.

காசைப் பார்க்கலாம் என்றால், ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறு பக்கம் அமர்ந்த உருவம், நாகரி எழுத்தில் ராஜராஜன் பெயர். முகம் வெறும் கோடும் புள்ளியும்தான். ரோமானியக் காசுகளிலோ பேரரசரின் மூக்கு வளைவும் தாடைச் சதையும்கூடத் தெரியும். சோழர் அக்கசாலைக்குப் பெயரே போதுமானதாக இருந்தது.

பெயர் பொறித்த சிலை இருந்தால் நம்பிவிடலாமா? திருமலைக் கோவிலில் விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயரும் இரு தேவியரும் கைகூப்பி நிற்கும் உலோகச் சிலைகள் உள்ளன. பெயரும் பொறித்திருக்கிறது. ராயருக்கு ஒடுங்கிய இடை, மாசு மருவற்ற முகம். ஆனால் 1520 வாக்கில் அவரை நேரில் பார்த்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ் எழுதியது வேறு: நடுத்தர உயரம், சற்றே பருத்த உடம்பு, முகத்தில் அம்மைத் தழும்பு.

சிற்பி ஏமாற்றினார் என்று சொல்லிவிட முடியாது. இறைவன் முன் நிற்கும் அரசனுக்கு எத்தகைய உடல் பொருந்தும் என்று மரபு சொன்னதோ, அதை வார்த்தார். அதை நிழற்படம்போல நாம் பார்த்தால் பிழை நம்முடையது.

எல்லாச் சிற்பிகளும் அப்படியும் இல்லை. மதுரைப் புதுமண்டபத்தில் திருமலை நாயக்கர் தொந்தியோடு நிற்கிறார். 17ஆம் நூற்றாண்டில், அவர் கட்டிய மண்டபத்திலேயே, அவர் காலத்திலேயே வைத்த சிலை. ஆகவே ஓர் உருவத்தைப் பார்த்தால், யார் செய்தது, எப்போது, எதற்காக என்று முதலில் கேட்க வேண்டும். பள்ளிப் புத்தகத்தில் இருக்கும் மலாக்காவின் பரமேஸ்வராவுக்கும் இதே கேள்விதான். அந்தப் படம் பிற்காலத்து ஓவியரின் கற்பனை.

மாறுவேடப் போட்டிக்குப் பிள்ளையை ராஜராஜனாக ஒப்பனை செய்யும் பெற்றோரே, முறுக்கு மீசை தாராளமாக வரையுங்கள். கூடவே ஒரு செய்தியையும் சொல்லிக்கொடுங்கள். பெரிய கோவிலில் பணிசெய்ய ராஜராஜன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள் அங்கே கல்வெட்டில் இருக்கின்றன. எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பதுகூட உண்டு. அரசர் எப்படி இருந்தார் என்று அந்தக் கல் சொல்லவில்லை. எப்படி ஆண்டார் என்று சொல்கிறது.