மகப்பேற்று மாத்திரையும் தொலைவழி மருத்துவமும்

(உத்திரமேரூர் வட்டார வளர்ச்சி அலுவலர் ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சாலை, குடிநீர், ஏரி மராமத்து ஆகியவற்றைப் பற்றிப் பேசக் கூடும் நாம், இன்று வீட்டுக்குள் மறைத்து வைக்கப்பெறும் ஒரு துன்பத்தைப் பற்றிப் பேசுவோம். மகப்பேறு வாய்க்காமல் வருந்தும் இல்லங்கள் எல்லா ஊர்களிலும் உண்டு. உலக மக்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் இத்துன்பத்தை அடைகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டில் தெரிவித்தது. ஆயின், பழி முழுவதும் பெண்ணின் தலைமீதே விழுகிறது. வளைகாப்புக்கு அவளை அழைப்பதில்லை. கணவனுக்கு மறுமணம் செய்விக்கும் பேச்சும் எழுகிறது. உண்மை யாதெனில், இத்தகைய தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடத்தில் ஆணின் குறைக்கும் பங்குண்டு. ஆகவே சோதனை இருவருக்கும் வேண்டும். ஆணுக்குரிய விந்துப் பரிசோதனை எளியது. அதனைச் செய்யாமல் மனைவிக்கு மட்டும் மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பது காலத்தையும் பொருளையும் வீணாக்குவதாகும்.

மாத்திரை என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். பெண்ணின் சினைப்பையிலிருந்து மாதந்தோறும் ஒரு முட்டை முதிர்ந்து வெளிவருதல் வேண்டும். அதற்குரிய கட்டளை மூளையிலிருந்து வருகிறது. சிலருக்கு இவ்வொழுங்கு தடைப்படுகிறது. மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது. இவர்களுக்கே இம்மருந்து பயன்படும். குளோமிஃபீன் என்னும் மாத்திரை 1967 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வயலில் நீர் போதும் என்ற செய்தி மடை திறப்பவருக்கு எட்டாவிட்டால் அவர் மேலும் நீரை விடுவார் அல்லவா? அதுபோல், உடலிலுள்ள ஈஸ்ட்ரோஜன் போதும் என்ற செய்தி மூளைக்கு எட்டாதவாறு இம்மாத்திரை மறைக்கிறது, மூளை கூடுதலாகக் கட்டளையிடுகிறது, முட்டை முதிர்கிறது.

லெட்ரோசோல் என்பது மற்றொன்று. மார்பகப் புற்றுநோய்க்கென வந்த இம்மருந்தை மகப்பேறின்மைக்குப் பயன்படுத்துவதை இந்திய அரசு 2011 இல் தடை செய்து, 2017 இல் அத்தடையை நீக்கியது. சினைப்பையில் பல சிறு கட்டிகள் தோன்றும் குறையுள்ள 750 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 2014 இல் வெளியான ஆய்வில், ஐந்து மாதவிடாய்ச் சுற்றுகள் வரையிலான சிகிச்சையில் லெட்ரோசோல் உண்டவர்களில் நூற்றுக்கு 27 பேரும், குளோமிஃபீன் உண்டவர்களில் 19 பேரும் குழந்தை பெற்றனர். பயன் உண்டு, ஆயினும் எல்லோருக்கும் உறுதி இல்லை என்பதை இதனால் அறியலாம்.

இம்மாத்திரைகளை மாதவிடாயின் தொடக்க நாட்களில், வழக்கமாக ஐந்து நாள் மட்டுமே உண்ணுமாறு மருத்துவர் கூறுவர். அதற்கு முன் கர்ப்பம் இல்லை என்பதை உறுதி செய்தல், தைராய்டு முதலியவற்றைச் சோதித்தல், ஸ்கேன் பார்த்தல் ஆகியவை நடைபெற வேண்டும். குளோமிஃபீனால் உண்டாகும் கர்ப்பங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு இரட்டைக் கர்ப்பம். கண்பார்வை மங்கினாலும், வயிறு உப்பிக் கடுமையாக வலித்தாலும், மூச்சுத் திணறினாலும் தொலைபேசியில் பேசிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்க. ஒருத்திக்கு எழுதிய சீட்டைக் கொண்டு இன்னொருத்தி மாத்திரை வாங்குதல் ஒருபோதும் கூடாது.

இனி, தொலைவழி மருத்துவம். நாட்கூலியை இழந்து, பேருந்து மாறிச் சென்று, ஊரார் கண்ணுக்கு அஞ்சித் திரும்பும் பெண்ணுக்கு இது பெருந்துணை. மத்திய அரசு 2020 மார்ச்சு 25 ஆம் நாள் இதற்குரிய நெறிமுறைகளை வெளியிட்டது. இ-சஞ்சீவனி என்னும் அரசுப் பணியில் கைப்பேசி எண்ணைப் பதிவு செய்து, முறை வந்ததும் மருத்துவரை முகம் பார்த்துப் பேசலாம், கட்டணமில்லை, மருந்துச் சீட்டும் கைப்பேசிக்கே வரும். மாதவிடாய்த் தேதிகள், உண்ட மருந்துகள், சோதனை அறிக்கைகள் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுக.

எனினும், முதல் பேச்சிலேயே மாத்திரை கிடைக்கவில்லை என்று மனம் நோக வேண்டா. நோயை முறையாகக் கணிக்காமல் மருந்து எழுதுவது தொழில் ஒழுக்கத்துக்கு மாறானது என்று அந்நெறிமுறைகளே கூறுகின்றன. நேரில் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்வாராயின், அவர் நல்ல மருத்துவரே. சோதனைக்கு நேரில் செல்லுதல், ஆலோசனைக்கும் தொடர் கவனிப்புக்கும் தொலைவழி என்று கொள்வதே சிறந்த முறை. எதுவும் கேட்காமல் மாத்திரையை அஞ்சலில் அனுப்புவோரிடம் ஏமாறாதீர்கள்.

ஓராண்டு கூடி வாழ்ந்தும் கருவுறாவிடில் மருத்துவரை நாடுக. பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே நாடுக.

உறுப்பினர்களே! உங்களால் ஆகும் பணிகள் மூன்று. கைப்பேசி இல்லாத பெண் கிராம சுகாதார செவிலியரின் துணையோடு தனித்திருந்து பேச ஓர் அறை கிடைக்கச் செய்யுங்கள். மருந்துக் கடைகளில் சீட்டின்றி இம்மாத்திரைகளை விற்கக் கூடாது என்பதை ஊரறியச் சொல்லுங்கள். மூன்றாவதாக, ஆண்களிடம் நீங்களே பேசுங்கள். சோதனைக்கு முதலில் கணவன் செல்வது ஆண்மைக்கு இழுக்கன்று.

பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் நம் உத்திரமேரூரில் பொறித்த கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுகின்றன. தகுதியை ஆராய்ந்த பின்னரே ஓலை குடத்துக்குள் சென்றது. ஆராய்ந்து செய்யும் அந்த வழக்கத்தை நம் இல்லங்களிலும் கைக்கொள்வோமாக. முதலில் இருவருக்கும் சோதனை, பின்னரே மருந்து. பழிச்சொல் எந்நாளும் வேண்டா.